சீனியர் ஒருவர், ஜூனியர் ஆறு பேர்: முதலாண்டு மாணவர்களுக்குத் துணை நிற்கும் முறை

கல்லூரியை விட்டு நிற்கும் முதலாண்டு மாணவர் யாரிடமும் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. முதலில் ஒரு திங்கட்கிழமை வரமாட்டார். அடுத்த வாரம் இரண்டு நாள் வரமாட்டார். ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு அவர் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் மட்டும் விழும். தேர்வுக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் வரும்போதுதான் துறைக்கே விஷயம் தெரியும். அதற்குள் அவர் ஆம்பூரில் ஏதோ ஒரு ஷூ கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கியிருப்பார்.

அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை ஆசிரியர் கவனிப்பது கடினம். அதே பேருந்தில் வரும் இரண்டாமாண்டு மாணவருக்கோ மூன்றாம் நாளே தெரிந்துவிடும். சீனியரை மென்டராக்கும் ஏற்பாட்டின் அடிப்படை இதுதான். அறிவுரை சொல்வது அவர் வேலை இல்லை. யார் வரவில்லை என்று கவனிப்பதும், ஜூனியரை உரிய கவுன்டருக்கு உரிய தேதிக்குள் கொண்டுபோய் நிறுத்துவதும்தான் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் இப்படி ஓர் ஏற்பாட்டைத் தொடங்க நினைக்கும் துறைகளுக்கும், மென்டராகப் போகும் மாணவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

எத்தனை பேருக்கு ஒருவர்

கணக்கைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ராகிங்கைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையிலேயே அது இருக்கிறது: ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு மென்டர், ஆறு மென்டர்களுக்கு மேல்நிலை மென்டர் ஒருவர். பல கல்லூரிகளில் ராகிங் தடுப்புக் குழுவின் பெயர்ப் பலகை மட்டும் தொங்கும். அதே ஒழுங்குமுறையில் உள்ள இந்த மென்டர் பகுதியை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

60 பேர் சேரும் துறைக்குப் பத்து மென்டர்கள் போதும். கூடுதலாக இரண்டு பேரைக் கையில் வைத்திருங்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஒருவராவது கழன்றுகொள்வார். மென்டர்கள் எல்லோரும் இரண்டாமாண்டாக இருக்கட்டும். மூன்றாமாண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட், வேலைவாய்ப்பு முகாம், பி.எட். விண்ணப்பம் என்று ஜனவரிக்குப் பிறகு நேரமே இருக்காது. அவர்களில் இரண்டு பேரை மட்டும் மேல்நிலைக்கு எடுத்து, ஆளுக்கு ஐந்து மென்டர்களைக் கொடுங்கள். எல்லோருக்கும் மேலே ஓர் ஆசிரியர். அவர் துறைத் தலைவராக (எச்.ஓ.டி.) இல்லாமல் இருப்பது நல்லது, எச்.ஓ.டி. அறைக்குள் போகவே பாதிப் பேர் பயப்படுவார்கள்.

யாரை எடுப்பது

முதல் மதிப்பெண் இதற்கு ஒரு தகுதியே ஆகாது. அரியர் ஒன்று வைத்து, அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறியவர் பல நேரம் நல்ல மென்டராக அமைகிறார். கட்டணம் எந்தக் கவுன்டரில் கட்ட வேண்டும், மறுமதிப்பீட்டுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தோற்றவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் தெரியும்.

விருப்பமுள்ளவர்களிடம் அரைத்தாள் ஒன்றில் மூன்று கேள்விக்கு விடை வாங்குங்கள். முதல் வருடத்தில் யாரும் சொல்லாததால் உங்களுக்கு நஷ்டமானது எது? எந்த ஊர்ப் பேருந்தில் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? வாரத்தில் எந்தெந்த நாள் வேலைக்குப் போகிறீர்கள்? மூன்றாவது கேள்வி முக்கியம். கேட்டரிங், பெட்ரோல் பங்க், துணிக்கடை என்று வேலைக்குப் போகும் மாணவர்கள் இங்கே நிறைய. வேலைக்குப் போகிறார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். ஆறுக்குப் பதில் நான்கு ஜூனியரைக் கொடுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஜூனியருக்கு அவரைப்போல் வழி சொல்ல வேறு ஆள் கிடைக்காது.

ராகிங் புகார் வந்தவர், கட்சிக்கோ சாதிச் சங்கத்துக்கோ ரசிகர் மன்றத்துக்கோ ஆள் சேர்ப்பவர், குறிப்பிட்ட ஒரு ஜூனியரின் பெயரைச் சொல்லி ‘அவங்க குரூப்பை எனக்குக் குடுங்க’ என்று கேட்பவர் ஆகிய மூவரையும் பேச்சே இல்லாமல் விட்டுவிடுங்கள்.

குழுவைப் பேருந்து வழியாகப் பிரியுங்கள்

வரிசை எண்படி ஆறு ஆறாகப் பிரிப்பது சுலபம். ஆனால் அப்படிப் பிரித்த குழு இரண்டாம் வாரத்திலேயே கூடாது. காரணம் பேருந்துதான். ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு மாலையில் ஒரு வண்டி. அதை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். ‘கிளாஸ் முடிஞ்சதும் பாக்கலாம்’ என்று வைத்தால் கிராமத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். நகரத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள், அவர்களுக்குத்தான் இது அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆகவே குடியாத்தம்–பேரணாம்பட்டு, அணைக்கட்டு–ஒடுகத்தூர், ஆற்காடு–வாலாஜா, கண்ணமங்கலம்–ஆரணி, ஆம்பூர்–வாணியம்பாடி, காட்பாடி–திருவலம் என்று வழியைப் பிரித்து, அந்தந்த வழியில் வரும் மென்டரிடம் கொடுங்கள். ஒரே வழியில் பன்னிரண்டு பேர் இருந்தால் இரண்டு குழு. விடுதி மாணவர்களைத் தனிக் குழுவாக ஒதுக்காமல் எல்லாக் குழுவிலும் கலந்து விடுங்கள்.

சந்திக்கும் நேரத்தையும் பேருந்தே முடிவு செய்யும். கிராமத்து வண்டிகள் பலவும் காலையில் சீக்கிரமே கொண்டுவந்து இறக்கிவிடும். ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் எட்டே முக்காலுக்கே பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அரை மணி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முடியாத குழு மதிய இடைவேளையின் கடைசி இருபது நிமிடத்தில் கூடலாம். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து வைக்கக் கூடாது. டப்பா கொண்டுவராத பிள்ளை அந்தக் கூட்டத்துக்கே வராமல் போய்விடும், ஏன் வரவில்லை என்று உங்களுக்கும் தெரியாது.

இருபாலர் கல்லூரியில் பெண்களுக்குப் பெண் மென்டர்தான். அந்த வழியில் பெண் மென்டர் கிடைக்கவில்லை என்றால் வழியை விட்டுவிடுங்கள், பெண் மென்டரை விடாதீர்கள்.

மென்டர்களுக்கு இரண்டு அரைநாள் பயிற்சி

வகுப்பு தொடங்கும் முன் மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு நாள். அதற்கு மேல் வைத்தால் உரையும் பொன்னாடையுமாகப் போய்விடும்.

முதல் நாள், செய்யக் கூடாதவை. தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இதைச் சொல்லிவிட்டு, எது ராகிங் என்று எடுத்துக்காட்டோடு பேசுங்கள். ‘இன்ட்ரோ குடு’ என்று நடுவில் நிறுத்துவது, பாடச் சொல்வது, ரெக்கார்டு எழுத வைப்பது, டீ வாங்கிவரச் சொல்வது, ஃபிரெஷர்ஸ் டேக்குக் கட்டாயமாகக் காசு வசூலிப்பது எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். கல்லூரிக்கு வெளியே குழு கூடக் கூடாது. மாலை ஐந்துக்குப் பிறகு கூடக் கூடாது. மென்டர் ஜூனியரிடம் கடன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். ‘எந்த ஊரு?’ என்பது சாதாரணக் கேள்வி. பேருந்து வழிக்கு அது தேவை. அடுத்து வரும் ‘ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?’ என்பது சாதியைக் கேட்கும் கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளப் பழக்குங்கள். உதவித்தொகைப் பட்டியலைக் குழுவில் உரக்கப் படிப்பதும் இதே தவறுதான்.

இரண்டாம் நாள், நடித்துப் பார்ப்பது. மூன்று சூழ்நிலை போதும்: ‘ஒண்ணுமே புரியல, நின்னுடலாம்னு இருக்கேன்’ என்பவர், ஃபீஸ் கட்டக் காசில்லாமல் வேறு காரணம் சொல்பவர், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுபவர். மூன்றாவதில்தான் எல்லோரும் திணறுவார்கள். அமைதியைத் தாங்க முடியாமல் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பத்து எண்ணும் வரை பேசாமல் இருக்கப் பயிற்சி கொடுங்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் இந்தப் பயிற்சியில் மிகவும் பயன்படுவது அதுதான்.

முதல் வாரம்

திறக்கும் நாளில் எதுவும் வேண்டாம். அப்பா அம்மா கூட வந்திருப்பார்கள், வெயிலில் அலைந்திருப்பார்கள். மென்டர் தன் பெயரையும் எண்ணையும் எழுதிய சீட்டைக் கொடுத்து, ‘நாளைக்கு ஒம்போது மணிக்கு இங்கயே நில்லுமா, நான் வந்து கூட்டிக்கிறேன்’ என்று சொன்னால் போதும்.

இரண்டாம் நாள் நாற்பது நிமிடம் நடை. அலுவலகத்தில் எந்தச் சன்னல் எதற்கு, உதவித்தொகைப் பிரிவில் யாரிடம் கேட்பது, நூலகம், தேர்வுப் பிரிவு, குடிதண்ணீர், கழிப்பறை, பெண்கள் ஓய்வறை, ஜெராக்ஸ் கடை, அறிவிப்புப் பலகை. கழிப்பறையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு சன்னலிலும் ஜூனியரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், மென்டர் பின்னால் நிற்க வேண்டும். ‘சார், போனஃபைட் வாங்க லெட்டர் யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?’ என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டவர் அடுத்த முறை தனியாகப் போவார்.

காகிதம்

மென்டர் ஒருவரால் உடனடியாகக் காசுப் பயன் கிடைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு ஜூனியரிடமும் இவை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டி.சி. நகல், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், பாஸ்போர்ட் அளவுப் படம். ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரிஜினலைக் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். எளிமையான திட்டம்தான். ஆனாலும் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், பாஸ்புக்கில் இன்னொரு எழுத்து. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எதைத் திருத்துவது என்று கேட்டால், மதிப்பெண் பட்டியலுக்குத் தக்கபடி ஆதாரையும் பாஸ்புக்கையும் மாற்றுவதுதான் அலைச்சல் குறைந்த வழி. இரண்டாவது, பள்ளியில் தொடங்கிய கணக்கு. பதினெட்டு வயது நிரம்பியதும் அந்தக் கணக்கை மேஜர் கணக்காக மாற்றிக் கே.ஒய்.சி. கொடுக்க வேண்டும், மாற்றாவிட்டால் வங்கி முடக்கிவைக்கும். மூன்றாவது, இரண்டு மூன்று கணக்கு இருப்பவர்கள். அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்கில்தான் போய் விழும். ‘எனக்கு வரலைக்கா’ என்று அழும் பிள்ளையின் பணம், மறந்துபோன பழைய கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். எந்த வங்கியில் ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே ஓ.டி.பி. போட்டுப் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதில் பயனில்லை.

வருமானச் சான்று பழையதாக இருந்தால் உதவித்தொகைக்கு எடுபடாது. இ-சேவை மையத்தில் பதிந்த பிறகும் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என்று மேசை தாண்டி வர வேண்டும். கடைசித் தேதி அறிவித்த பிறகு ஓடினால் கிடைக்காது. ஜூலையிலேயே பதியச் சொல்லுங்கள். ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாகவே. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். விசாரணை இருக்கும், நாளாகும். பீஞ்சமந்தைப் பக்கமிருந்து வரும் மாணவருக்கு ஒரு முறை கீழே இறங்கி ஏறுவதே ஒரு நாள் வேலை. ‘நாளைக்கு வா’ என்று அலுவலகத்தில் சொல்வதற்கு முன், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மென்டர் பார்த்துக் கொடுத்தால் அந்த ஒரு நாள் மிச்சம்.

வாரச் சந்திப்பில் என்ன கேட்பது

முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி. பிறகு முதல் இன்டர்னல் முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதன்பின் மாதம் ஒருமுறை. ஆறு வாரத்தில் கூச்சம் போகாவிட்டால் அப்புறம் போவது கடினம், அதனால்தான் தொடக்கத்தில் நெருக்கமாக வைக்கிறோம்.

‘ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்காதீர்கள். ‘ஒண்ணும் இல்லண்ணா’ என்ற பதில்தான் வரும், ஆறு பேரிடமிருந்தும். பதிலில் ஒரு பொருளோ இடமோ நேரமோ வந்தாக வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். இந்த வாரம் எந்த கிளாஸ்ல நோட்ஸ் எடுக்க முடியல? காலைல எத்தனை மணிக்குக் கெளம்புன? மத்தியானம் எங்க உக்காந்து சாப்ட்ட, யார்கூட? ஞாயித்துக்கெழம என்ன பண்ண? சாப்பாட்டுக் கேள்வி ஒன்றே பல விஷயத்தைக் காட்டிவிடும். ‘லைப்ரரி பின்னாடி, தனியா’ என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, அல்லது டப்பாவைத் திறந்து காட்ட விருப்பமில்லை. அங்கேயே துருவாதீர்கள். மறுநாள் இடைவேளையில் தற்செயலாகப் போய் நில்லுங்கள்.

80 பக்க நோட்டு ஒன்று மென்டரிடம் இருக்க வேண்டும். ஒரு ஜூனியருக்கு வாரம் ஒரு வரி: வந்தாரா, என்ன கேட்டார், நான் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள். ‘ச. 3ஆம் வரிசை – வருமானச் சான்று பதிஞ்சாச்சு, வெள்ளிக்கிழமை நம்பர் பாக்கணும்’ என்ற அளவில் போதும். வீட்டுச் சண்டை, காதல், கடன், உடம்பு இவற்றை எழுதவே கூடாது. நோட்டு பேருந்தில் தொலையும்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு

பி.காம்., கணினி அறிவியல், கணிதம், நுண்ணுயிரியல் எதுவானாலும் முதல் மாதத்தில் விழும் அடி இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் 80 விழுக்காடு எடுத்த பிள்ளை, டெபிட்–கிரெடிட்டை ஆங்கிலத்தில் கேட்டதும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடும்.

குழுவுக்கு ஒரு சொல் நோட்டு போடுங்கள். இடப்பக்கம் ஆசிரியர் சொன்ன ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளிப் புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல். ஒரு பாடத்துக்கு வாரம் பத்துச் சொல், அதற்கு மேல் வேண்டாம். பழைய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை விற்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். முதல் செமஸ்டரின் கணிசமான பகுதி அதில் இருக்கும். பிறகு ஐந்து மதிப்பெண் விடை ஒன்றை முதலில் தமிழில் எழுதவைத்து, அதையே ஆங்கிலத்தில் நான்கு சிறு வாக்கியமாக எழுதவையுங்கள். மென்டர் தன் பழைய நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதால் இது நடக்காது. அது அலமாரிக்குத்தான் போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது வழியிலும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு வழியிலும் படித்து வருபவர்களை மறந்துவிடாதீர்கள். ஆங்கிலம் புரியாதபோது ஆசிரியர் தமிழில் விளக்கினால் வகுப்பில் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். இவர்களுக்கு அந்தத் தமிழும் வேகமாகத்தான் ஓடும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்குப் பாடத்திட்டத்தின் நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழ் உண்டு, அதில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரமே பார்க்க வேண்டும்.

இரண்டு கணக்கு

ஜூனியரை உட்காரவைத்து இவற்றைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். வாயால் சொன்னால் பதியாது.

வருகை. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 75 விழுக்காட்டுக்கு 68 நாள் வர வேண்டும். மொத்தம் 22 நாள்தான் லீவு போட முடியும். முதல் 30 நாளில் பத்து நாள் போட்டுவிட்டால், மீதி 60 நாளில் 12 நாள்தான் கையில். அம்மை போட்டாலோ, ஊர்த் திருவிழா வந்தாலோ, வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலோ அதுவும் காலி. ‘கண்டனேஷன் கட்டிக்கலாம்’, அதாவது வருகைக் குறைவுக்குக் காசு கட்டித் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று சீனியர்களே சொல்லித்தருவது உண்டு. அதற்கும் கீழ்வரம்பு உண்டு, அதைத் தாண்டிக் கீழே போனால் காசு கட்டினாலும் தேர்வு எழுத முடியாது.

மதிப்பெண். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இளங்கலைத் தாள்கள் பெரும்பாலும் 25 இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல். தேற 40 போதும் என்பது பாதி உண்மை. எக்ஸ்டர்னலில் மட்டும் 75க்கு 30 தனியாக வேண்டும். இன்டர்னலில் 20, எக்ஸ்டர்னலில் 28 எடுத்தால் கூட்டல் 48, ரிசல்ட் அரியர். இதைத் தெரியாமல் இன்டர்னல் நன்றாக இருக்கிறது என்று தெம்பாகப் போய் உட்காருபவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் கல்லூரிக் கையேட்டில் எண்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் காணவில்லை என்றால்

தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் அன்று மாலையே போன். மூன்றாவது நாளும் வராவிட்டால் மேல்நிலை மென்டருக்கும் ஆசிரியருக்கும் தகவல். வாட்ஸ்அப்பில் ‘ஏன் வரல?’ என்று போடுவது போன் ஆகாது.

பெண் பிள்ளை கொடுத்திருக்கும் எண் பெரும்பாலும் அப்பாவுடையது. ஆண் குரல் கேட்டால் மறுநாள் படிப்பே நின்றாலும் நிற்கும். பெண் மென்டரே பேச வேண்டும், அம்மாவைக் கேட்க வேண்டும். ‘அம்மா, நான் காலேஜ்ல உங்க பொண்ணோட சீனியர் பேசறம்மா. ரெண்டு நாளா வரலியே, ஒடம்பு ஏதாச்சும் சரியில்லையான்னு கேக்கலாம்னு பண்ணேன்.’ அவ்வளவுதான். ‘அட்டெண்டன்ஸ் போயிடும்’ என்று முதல் போனில் சொன்னால் அது மிரட்டலாகத்தான் கேட்கும்.

வரும் பதிலைப் பொறுத்து வேலை மாறும். வீட்டு வேலை, பீடி சுற்றுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்றால் எந்தெந்த நாள் கண்டிப்பாக வர வேண்டும் என்று இன்டர்னல் தேதியோடு எழுதிக் கொடுங்கள். சம்பளத்துக்குப் போயிருந்தால், உதவித்தொகை எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நர்சிங், பாலிடெக்னிக், வேறு கல்லூரி என்று இடம் கிடைத்திருந்தால் தடுக்காதீர்கள்; டி.சி. வாங்கும் வழியைச் சொல்லி அனுப்புங்கள். அதுவும் உதவிதான். கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் மென்டர் தலையிடவே வேண்டாம், அன்றே ஆசிரியரிடம் போக வேண்டும். முதலாண்டில் பதினெட்டு நிரம்பாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, நிரம்பியவர்களுக்குப் பெண்கள் உதவி எண் 181.

மென்டர் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாதவை

ஜூனியர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. மூன்று விலக்கு உண்டு: உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, பாலியல் தொல்லை, ராகிங். இந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே ஜூனியர்களிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் காட்டிக்கொடுத்ததாக ஆகும்.

‘இருந்து என்னக்கா பிரயோஜனம்’ என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: ‘சாகணும்னு தோணுதாமா?’ அப்படிக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. ‘ஆமா’ என்றால் தனியாக விடாமல் அருகிலேயே இருந்து, ஆசிரியரை வரவழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. கூட்டிப்போவது வீட்டாரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது. பத்தொன்பது வயது மென்டரின் தலையில் அதை வைக்கக் கூடாது.

பாலியல் தொல்லை கல்லூரியின் உள்புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். தொல்லை தந்தவர் ஆசிரியராக இருந்தாலும் அங்கேதான். ராகிங்குக்கு 1800-180-5522, பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

எங்கே கெடுகிறது

தொடக்க விழா, குத்துவிளக்கு, குழுப் படம், பேட்ஜ். அதோடு நின்றுபோவது முதல் வகை. விழாவே வேண்டாம்.

அறுபது பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டாம் வகை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கட்டணத் தேதி புதைந்துபோகும், பெண்களின் எண்கள் அறுபது பேருக்கும் தெரிந்துவிடும். ஆறு பேருக்கு ஒரு குழு, மென்டர் மட்டும் அனுப்பும்படி அமைத்து, மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு செய்தி. அன்றைக்குச் செய்தி இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது வகைதான் மோசம், அதைச் செய்வது பெரும்பாலும் துறையே. ‘உன் குரூப்ல யாருடா கட் அடிச்சிட்டுத் தியேட்டர் போனது?’ என்று ஆசிரியர் மென்டரிடம் கேட்ட அன்றே கதை முடிந்தது. மென்டர் உளவாளி என்று ஜூனியர்களுக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகாது. ஒழுங்கு நடவடிக்கைக்கு மென்டரிடம் எதுவும் கேட்பதில்லை என்று துறைக் கூட்டத்திலேயே முடிவெடுத்து எழுதிவைத்துவிடுங்கள்.

எதிர்த்திசையிலும் கெடும். ரெக்கார்டை எழுதிக் கொடுப்பது, அசைன்மென்டைக் காப்பி அடிக்கத் தருவது, எல்லாச் சன்னலுக்கும் தானே போய் வருவது. ஜூனியருக்கு அண்ணன் பிடித்துப்போகும், வேலை தெரியாது. அக்டோபருக்குப் பிறகும் அதே கவுன்டருக்கு அதே ஜூனியரோடு போகிறார் என்றால் மேல்நிலை மென்டர் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

மென்டருக்கும் ஜூனியருக்கும் இடையே காதல் வந்தால்? வரும். திட்ட வேண்டாம். குழுவை உடனே மாற்றிவிடுங்கள், அதோடு விடுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும்

மூன்று எண்களைப் பாருங்கள்: டிசம்பருக்குள் நின்றவர்கள், 75க்குக் கீழே வருகை வைத்தவர்கள், ஆளுக்கு எத்தனை அரியர். சென்ற வருட முதலாண்டோடு ஒப்பிடுங்கள். மென்டரையும் மென்டரையும் ஒப்பிடாதீர்கள். மலையிலிருந்து வரும் ஆறு பேரும் வேலூர் நகரத்துச் சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஆறு பேரும் ஒன்றல்ல. ஜூனியர்களிடம் பெயர் எழுதாத சீட்டில் இரண்டே கேள்வி: மென்டர் இல்லாமல் இருந்திருந்தால் எது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்? மென்டரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் அடுத்த வருடப் பயிற்சிக்கான பாடம்.

அடுத்த மென்டர்களைப் பிப்ரவரியிலேயே இந்த முதலாண்டிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஏப்ரலுக்குத் தள்ளினால் தேர்வும் விடுமுறையும் வந்துவிடும், ஜூன் கடைசியில் ஆள் தேட வேண்டியிருக்கும். பழைய மென்டர் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: எந்தச் சன்னலில் எது, எந்த மாதம் எந்தத் தேதி, எந்த வழியில் எந்த வண்டி எத்தனை மணிக்கு. ஜூனியர்களைப் பற்றிய நோட்டைக் கொடுக்கக் கூடாது. ஆசிரியர் முன்னிலையில் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.